ஆறு மணி வரைக்கும்

"ஆஸ்பத்திரிய மூடிட்டா நான் ஹீலோவுக்கெல்லாம் வரமாட்டேன், பெலிசா. வீட்லயே இருந்துடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில், உப்பில்லாத சோற்றைப் பிசைந்துகொண்டே ரோமன் சொன்ன வார்த்தை அது. திங்கட்கிழமை முழுக்க அதைப் பற்றி அவன் பேசவில்லை. பெலிசாவும் பேசவில்லை. பேசாததால் அது வீட்டை விட்டுப் போய்விடவும் இல்லை.

வாரத்தில் மூன்று நாள் ரோமனின் ரத்தம் உள்ளூர் காஹிலி ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் மெஷினுக்குள் போய், சுத்தமாகித் திரும்பி வருகிறது. அந்த ஆஸ்பத்திரியை நடத்திவந்த கரும்புக் கம்பெனி இனி முடியாது என்று கைகழுவிவிட்டது. அது மூடினால் அடுத்த மெஷின் தூரத்து ஹீலோ நகரத்தில்தான். மாவட்ட நிர்வாகம் அதை ஏற்று நடத்தலாமா, வேண்டாமா? செவ்வாய்க்கிழமை ஜனாதிபதித் தேர்தலோடு சேர்த்து, ஓட்டு அட்டைகளில் கடைசி அட்டையின் கடைசிக் கேள்வி அதுதான்.

வீட்டிலேயே இருந்துவிடுவது என்றால் என்ன என்று பெலிசா டாக்டரிடம் தனியாகக் கேட்டுவிட்டாள். "பத்து நாள். மிஞ்சினா ரெண்டு வாரம்" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் முதல் ஆளாகப் போய் ஓட்டுப் போட்டாள். ஸ்கூலில் இருந்த வாக்குச்சாவடியில் பெயர் சரிபார்க்கும் மேஜையில் அவள் மகள் தெலியாதான் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா வரலியா?"

"மதியமா வரேன்னார்."

சொல்லிவிட்டு பெலிசா பிக்கப்பை எடுத்துக்கொண்டு நாற்பது மைல் தள்ளியிருந்த ஹீலோவுக்கு, ரேடியோ நிலைய வேலைக்குக் கிளம்பினாள்.

ஹீலோ நகரத்துக்காரர்கள் வரி கூடும் என்று 'வேண்டாம்' போடுவார்கள். அது தெரிந்த விஷயம். அதை ஈடுகட்ட வேண்டியது கடலோரத்துக் கேம்ப்கள், கரும்புத் தொழிலாளிகளின் குடியிருப்புகள். அன்று அரசாங்க விடுமுறைதான். ஆனால் வெட்டிப் போட்ட கரும்புக்கு விடுமுறை கிடையாது. மூன்று மணிக்கு ஆலைச் சங்கு ஊதின பிறகுதான் கேம்ப்காரர்கள் வயலை விட்டுக் கிளம்புவார்கள். மூன்றரையிலிருந்து ஆறு மணி வரைக்கும் விழுகிற ஓட்டுத்தான் ரோமனுக்கான ஓட்டு.

பெலிசா இதை ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தாள். மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் நூலிழையில் ஜெயிக்கும் என்று வந்தது; கூட்டலில் எங்கோ தப்பு செய்திருப்போம் என்றே தோன்றியது.

*

மூன்றே காலுக்கு ரேடியோ நிலையத்தில், செய்தி அச்சடித்துத் தரும் டெலிபிரின்டரின் மணி விடாமல் அடித்தது.

பெலிசா காகிதத்தைக் கிழித்து வாசித்தாள். முழுசாக எண்ணும் முன்பே, கணிப்பிலேயே அமெரிக்காவின் அடுத்த ஜனாதிபதி யார் என்று முடிவாகிவிட்டதாம். அங்கே தலைநகரத்தில் இரவு எட்டேகால். இங்கே தீவில் நடுப்பகல் வெயில்கூட இன்னும் முழுசாக இறங்கவில்லை.

நிலையத்தின் முதலாளி ஷிராகி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "சரி. மூணரைக்கு முதல் செய்தியா இதை வாசி."

பெலிசாவின் நிகழ்ச்சி மூன்றரைக்கு. கேம்ப்காரர்கள் பேசும் இலோகானோ மொழியில் ஒரு மணி நேரம். செய்தி, சாவு அறிவிப்பு, பிறந்த நாள், பாட்டு. வயலிலிருந்து திரும்பும் ஒவ்வொரு வண்டியிலும் அந்த நேரத்தில் அவள் குரல்தான் இருக்கும்.

"பாஸ், ஆறு மணி வரைக்கும் ஓட்டு இருக்கு."

"இருக்கட்டும். போடட்டும். நான் வேணாங்கறேனா?"

"முடிஞ்சுபோச்சுன்னு நாமளே சொல்லிட்டா, எவன் வண்டிய ஸ்கூல் பக்கம் திருப்புவான்? நேரா வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டுத் தூண்டில எடுத்துட்டுக் கடலுக்குக் கிளம்பிடுவான்."

"அது அவன் இஷ்டம்."

"கடைசி அட்டைல ஆஸ்பத்திரி இருக்கு, பாஸ்."

ஷிராகி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். அவருக்கு ரோமனைத் தெரியும். "பெலிசா, நல்லா யோசி. இன்னிக்கு உன் வீட்டுக்காரனுக்காக ஒரு செய்திய அமுக்கறோம். நாளைக்கு சுனாமி வருது, மேட்டுக்கு ஓடுங்கன்னு இதே மைக்ல கத்தறோம். 'இவங்க எதுக்காகவோ சொல்றாங்க'ன்னு ஒருத்தன் நின்னான்னா? ஒருத்தன் போதும்."

"இதைக் கேட்டுட்டிருக்கிற மத்த ஊர்க்காரங்க ஓட்டுப் போட்டு முடிச்சவங்க. எங்க ஜனம் இன்னும் போடல. ரெண்டும் ஒண்ணா?"

"நீ சொல்லலைன்னா டிவி சொல்லும்."

"டிவிக்காரன் பேச்சும் என் பேச்சும் ஒண்ணா, பாஸ்? பதினோரு வருஷமா அவங்க வீட்டுச் சாவ நான் சொல்லிருக்கேன்."

"அதனாலதான் சொல்றேன்" என்றார் ஷிராகி. "வாசி."

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக பெலிசாவுக்குத் தோன்றவில்லை. தான் சொன்னதிலும் தப்பு தெரியவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒலிபரப்பு அறைக்குள் போனாள்.

*

எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைக்கிற பழக்கம் அவளுக்கு. முதல் சுழல்மேடையில் நிகழ்ச்சியின் தொடக்க இசைத்தட்டு. இரண்டாவதில் சாவுப் பாட்டு. ஏழாம் கேம்ப் பவுலினோ என்ற முதியவர் நேற்று இறந்துபோயிருந்தார். அவர் அறிவிப்பு மூன்று நாற்பதுக்கு. சாவு அறிவிப்புக்கு முன்னால் அந்தப் பாட்டின் இரண்டு அடி ஒலிக்கும். அது கேட்டதும் கேம்ப்களில் பேச்சு நின்றுவிடும். பெயர் வரும் வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மூன்றரை. தொடக்க இசை முடிந்தது.

"சொந்தங்களே, பெலிசா பேசறேன். ஒரு செய்தி வந்திருக்கு..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷிராகி தலையை ஆட்டினார், வாசி என்று.

"ஒரு செய்தி..."

காகிதத்தில் எழுத்து இருந்தது. அவளுக்குத் தெரிந்ததென்னவோ ரோமனின் இடது கை. ஊசி குத்திக் குத்திக் கயிறு மாதிரி புடைத்துப்போன நரம்பு. ராத்திரி அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே வண்டு போல் ரத்தம் இரையும்.

குரல் உடைந்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. ரேடியோவில் மௌனம் விழக்கூடாது என்பது மட்டும் கைக்குத் தெரிந்திருந்தது. கை தானாக நீண்டு இரண்டாவது இசைத்தட்டின்மேல் முள்ளை வைத்தது.

சாவுப் பாட்டு எழுந்தது.

அது முடிவதற்குள் ஷிராகி உள்ளே வந்துவிட்டார். பொத்தானைத் தட்டி, தலைநகரத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஆங்கில ஒலிபரப்புக்கு மாற்றினார். யார் ஜெயித்தது என்று ஒரு கணீர்க் குரல் தீவு முழுக்கச் சொல்லத் தொடங்கியது.

"வெளில போ. தண்ணி குடி" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "அப்புறமா பேசலாம்."

பெலிசா வெளியே நடைவழியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடிக்கவில்லை. வாசித்துத் தொலைத்திருக்கலாம், இல்லை வாசிக்க முடியாது என்று எழுந்து வந்திருக்கலாம், இரண்டுமில்லாமல் நடுவில் நின்றுவிட்டோமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

வரவேற்பறையில் தொலைபேசி அடித்தது. வைத்ததும் மறுபடி அடித்தது. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு வரவேற்பறைப் பெண் வெளிறிய முகத்தோடு வந்து, "அக்கா, உங்க பொண்ணு" என்றாள்.

"அம்மா..." தெலியாவுக்குப் பேச்சு வரவில்லை. "அப்பா எப்போம்மா?"

"என்னடி எப்போ?"

"எப்போம்மா போனார்?"

பெலிசா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "யாருடி சொன்னா உனக்கு?"

"நீதானம்மா சொன்ன! ரேடியோல!"

"நானா? நான் என்ன சொன்னேன்?"

"ஒரு செய்தின்னே. அழுதே. பாட்டப் போட்டே. அப்புறம் உன் குரலே வரல. ஸ்கூல் வாசல்ல வண்டிங்க எல்லாம் ரேடியோவத் தொறந்து வச்சிருந்துச்சும்மா. நூறு பேர் நின்னுட்டிருந்தாங்க வரிசைல. எல்லாரும் தொப்பியக் கழட்டினாங்க. அப்படியே வண்டில ஏறிப் போய்ட்டாங்க."

"எங்க போய்ட்டாங்க?"

"நம்ம வீட்டுக்குத்தான். வேற எங்க?"

பெலிசாவுக்கு எல்லாம் புரிந்தது. சாவு வீடு என்றால் கேம்ப்காரர்கள் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய் நிற்பார்கள். பெயரை அவள் சொல்லவில்லை. அவள் குரல் உடைந்த பிறகு பெயரைச் சொல்லவா வேண்டும்?

"தெலியா, கேளு. அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. அப்பா இருக்கார்."

"நீ பாத்தியா?"

"காலைல பாத்தேன்டி."

"காலைல நானுந்தான் பாத்தேன்" என்று தெலியா அழுதாள். "வீட்டுக்குப் போன் பண்ணினா லைன் கிடைக்கல. என்னால மேஜைய விட்டு எழுந்திருக்க முடியாது, தேர்தல் வேலைக்குச் சத்தியம் பண்ணிட்டு உக்காந்திருக்கேன். அம்மா, நீயே போய்ப் பாரும்மா."

பெலிசா வீட்டு எண்ணைச் சுழற்றினாள். நாலு வீட்டுக்கு ஒரே லைன், யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி சுழற்றினாள். அதே சத்தம்.

ஷிராகியிடம் ஓடினாள். "பாஸ், ரோமன் செத்துட்டான்னு நெனச்சு வரிசைல நின்ன ஜனம் அத்தனையும் என் வீட்டுக்குப் போய்டுச்சு. அவன் உயிரோட இருக்கான்னு மைக்ல சொல்லுங்க."

"இருக்கானா?"

பெலிசா போன் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள். "தெரியல. லைன் கிடைக்கல."

"உறுதியாகாம நான் எப்படி வாசிக்க?"

"ஜனாதிபதிய மட்டும் எண்ணி முடிச்சிட்டா வாசிச்சீங்க? அதுவும் கணிப்புத்தான பாஸ்!"

ஷிராகி அவளையே பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பதினெட்டு. "நீ கிளம்பு. ஆறு மணி வரைக்கும் ஓட்டு இருக்குன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ சொல்றேன். அது உறுதியான செய்தி." அப்புறம், அவள் முதுகுக்குப் பின்னால், "நாளைக்கு என்னை வந்து பாரு" என்றார். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று நின்று கேட்க அவளுக்கு நேரமில்லை.

*

ஹீலோவிலிருந்து வடக்கே போகும் சாலை பள்ளத்தாக்குக்குள் இறங்கும், பாலத்தைத் தாண்டும், மறுபடி ஏறும். கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். பெலிசா மாட்டிக்கொண்டாள்.

ஷிராகி சொன்னபடி சொல்லிக்கொண்டிருந்தார். "காஹிலி வாக்காளர்களே, ஆறு மணி வரை..." அவருடைய இலோகானோ கல்லும் மண்ணுமாக இருந்தது. ஆனால் பெலிசாவுக்குத் தெரியும், இதை யாரும் கேட்கப்போவதில்லை. சாவு விழுந்த கேம்ப்பில் ரேடியோ பாடாது. எல்லா வீட்டிலும் அணைத்திருப்பார்கள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆங்கில ஒலிபரப்பு குறுக்கே வந்தது. தோற்ற ஜனாதிபதியே தோல்வியை ஒப்புக்கொண்டு பேசினார். ஜெயித்தவரை வாழ்த்தினார். எல்லாருக்கும் நன்றி சொன்னார்.

"இன்னும் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் இருக்குடா!" என்று பெலிசா ரேடியோவைப் பார்த்துக் கத்தினாள். "உனக்கு என்னடா அவசரம்!"

கத்தி முடித்ததும் பயம் வந்தது. ஒருவேளை நிஜமாகவே இருந்தால்? காலையில் அவன் முகம் கொஞ்சம் வீங்கியிருந்ததே. மூச்சு வாங்கினானே. திங்கட்கிழமை மெஷின் பாதியிலேயே நின்றுபோனது என்றானே. தன் வாயால் வராத செய்தி வேறு வழியாக நடந்துமுடிந்திருந்தால்?

இந்தச் சாலையில் வாரத்துக்கு மூன்று தடவை ரோமனைப் படுக்க வைத்துக் கூட்டிவருவதாக அவள் மனசுக்குள் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். முடியும், முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு முதல்முறையாக, அவன் ஏன் வரமாட்டேன் என்கிறான் என்பது இடுப்பு எலும்பில் தெரிந்தது.

*

நாலாம் கேம்ப்பில் அவள் வீட்டு முன்னால் வண்டி நிறுத்த இடமில்லை.

வாசல் நிறைய ஜனம். கையில் தட்டு. தட்டில் சோறும் கோழியும் நூடுல்ஸும். யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்பா? பெலிசா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள்.

நடுவில், பிரம்பு நாற்காலியில், ரோமன் உட்கார்ந்திருந்தான். வேட்டி மாதிரி ஒரு போர்வையைச் சுற்றியிருந்தான்.

"வாம்மா" என்றான். "என் சாவுக்கு வராத ஆள் நீ ஒருத்திதான் பாக்கின்னு பேசிட்டிருந்தோம்."

பெலிசா அவன் இடது கையைப் பற்றினாள். நரம்பின்மேல் விரலை வைத்தாள். வண்டு இரைந்தது. அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"தூங்கிட்டிருந்தேன்" என்றான் ரோமன். "கண்ணத் தொறந்தா இஸ்கா என் கால்மாட்டுல நின்னு ஒப்பாரி வச்சிட்டிருக்கா. நான் எழுந்து உக்காந்தா, நிறுத்தணுமா இல்லியா? ஒரு அடி பாக்கி இருக்குன்னு அதையும் பாடி முடிச்சுட்டா."

"பாதில நிறுத்தினா தோஷம்" என்றாள் கடைக்கார இஸ்கா. கேம்ப்பின் எல்லாச் சாவுக்கும் ஒப்பாரி அவள்தான். செத்தவர் செய்த நல்லது, பொல்லாதது இரண்டையும் முகத்துக்கு நேராகச் சொல்லி அழுவாள். "ஆனா உயிர் இருக்கிறவன் முன்னால பாடினது இன்னிக்குத்தான். என்ன அக்கா நீங்க, பேரச் சொல்லாம பாட்டப் போட்டீங்க?"

கூட்டம் மறுபடி சிரித்தது. பெலிசா சிரிக்கவில்லை. "மணி அஞ்சு இருபது. எல்லாரும் வண்டில ஏறுங்க. ஸ்கூலுக்குப் போகணும்."

யாரும் அசையவில்லை.

"எதுக்கு?" என்றான் மெதைரோஸ். வயல் மேஸ்திரி. நல்லவன்தான், வாய் மட்டும் கூடுதல். "ஜனாதிபதி வீட்டுக்குப் போக மூட்டையே கட்டிட்டாராம். நான் போய்ப் போடற ஓட்ட யாரு எண்ணுவா? சோறு சூடா இருக்கு, அக்கா. சாப்புடுங்க."

"கடைசி அட்டைல ஆஸ்பத்திரி இருக்கு, மெதைரோஸ்."

"அதுவும் இந்நேரம் முடிஞ்சிருக்கும். எல்லாத்தையும் எங்கியோ உக்காந்து முடிச்சுட்டுத்தான நமக்குச் சொல்றாங்க. யாரு ஜெயிச்சாங்கறதுகூட நாங்க இங்க வண்டில வர்றப்போ ரேடியோல இங்கிலீஷ்காரன் சொல்லித்தான் தெரிஞ்சுது. உங்களுக்கே அப்பத்தான் தெரிஞ்சிருக்கும்."

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பெலிசாவால் முடியவில்லை.

"இல்ல. எனக்கு மூணே காலுக்கே தெரியும்" என்றாள். "அதைத்தான் வாசிக்க வந்தேன். வாசிச்சா நீங்க வரிசைய விட்டுப் போய்டுவீங்கன்னு வாசிக்கல. தொண்டை அடைச்சு, கை தவறி அந்தப் பாட்டப் போட்டுட்டேன்."

தட்டுகளின் சத்தம் நின்றது.

"எங்ககிட்ட மறைச்சீங்க" என்றான் மெதைரோஸ் மெதுவாக.

"மறைச்சேன்."

"பதினோரு வருஷமாக்கா. எங்கப்பா செத்தத நீங்க சொல்லித்தான் நான் வயல்லேர்ந்து வர்றப்போ கேட்டேன். நீங்க சொன்னா அது நடந்துருக்கும்னு..." அவன் தட்டைத் திண்டில் வைத்தான்.

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ரோமன் நாற்காலியைப் பிடித்து எழுந்தான். "உள்ள வா" என்றான் அவளிடம்.

*

சமையலறையில் அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு அவன் கேட்டான்: "நான் மதியம் ஓட்டுப் போடப் போனேனான்னு நீ கேக்கலியே?"

"போனியா?"

"போகல."

"தூங்கிட்ட."

"இல்ல. சட்டையப் போட்டேன். வாசல் வரைக்கும் வந்தேன். திரும்பிப் படுத்துட்டேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தோத்துட்டாப் பரவால்லைன்னு இருந்துச்சு, பெலிசா. ஊரே வேணாம்னுட்டா, மெஷின நான் நிறுத்தினேன்னு ஆகாது. மூடிட்டாங்க, என்ன பண்றதுன்னு ஆய்டும். நீயும் என்னைத் திட்ட மாட்ட. தெலியாவும் திட்ட மாட்டா."

வெளியே யாரோ ஒரு வண்டியைக் கிளப்பினார்கள். ஸ்கூலுக்கா, வீட்டுக்கா என்று தெரியவில்லை.

இரண்டு மாதமாக ஆஸ்பத்திரிக்கு ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாகப் போய்க் கெஞ்சினாள் பெலிசா. ஹீலோக்காரர்களை எதிரி என்று நினைத்தாள். டெலிபிரின்டரை எதிரி என்று நினைத்தாள். இந்த வீட்டுக்குள் இருக்கிற ஒரு ஓட்டைப் பற்றி அவள் தாளில் எழுதவே இல்லை.

அழுவதற்கு நேரமில்லை. ஐந்து முப்பத்தொன்று.

"சரி" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அப்படின்னா வா. வந்து வேணாம்னு குத்திட்டு வா."

"என்னது?"

"நிறுத்தணும்னா நீ நிறுத்து. உன் கையால. ஊர் மேல போடாத. என் மேலயும் போடாத. வீட்ல படுத்துக்கிட்டே தோக்கறதுக்கு உன்னை விடமாட்டேன், ரோமன். எழுந்து வந்து தோத்துக்க."

ரோமன் சுவரை விட்டு நிமிர்ந்தான்.

"இஸ்கா என்ன பாடினா தெரியுமா?" என்றான். "'பொண்டாட்டி ஊர் பூரா உனக்காகக் கை ஏந்தினாளே, நீ அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாம போனியே'ன்னு. செத்தவனுக்குக் கேக்காதுன்னு நெனச்சுப் பாடினா."

அப்புறம், "என் சட்டை எங்க?" என்றான்.

*

அவன் பிக்கப்பில் ஏறுவதைக் கூட்டம் வாய் திறந்து பார்த்தது.

"எங்கடா போற?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஓட்டுப் போட."

அவ்வளவுதான் சொன்னான். மற்றதை இஸ்கா பார்த்துக்கொண்டாள். ஒப்பாரிக் குரலை அப்படியே வைத்துக்கொண்டு, "செத்தவனே எழுந்து போறான்! உசுரோட இருக்கிற தடியனுங்களா, கோழிக்கால வச்சிட்டு எழுந்திருங்கடா!" என்று ஒரு கத்துக் கத்தினாள்.

முதலில் இரண்டு வண்டி கிளம்பியது. பெலிசா கண்ணாடியில் எண்ணினாள். நாலு. ஏழு. வளைவு வந்துவிட்டது. அதற்குமேல் எண்ண முடியவில்லை. மெதைரோஸின் வண்டி அதில் இருந்ததா என்று தெரியவில்லை.

ஸ்கூல் கூடத்துக்குள் நுழைந்தபோது ஐந்து ஐம்பது. மேஜைக்குப் பின்னால் தெலியா, கண்ணெல்லாம் வீங்கி, பதிவேட்டின்மேல் குனிந்திருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

எழுந்திருக்கப் போனாள். பக்கத்தில் இருந்த அதிகாரி அவளைப் பார்த்தார். தெலியா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"பேர்... பேர் சொல்லுங்க" என்றாள்.

"உனக்குத் தெரியாதா?"

"சொல்லணும். ரூல்."

"ரோமன் ராகாசா."

"விலாசம்?"

"நாலாம் கேம்ப். இன்னும் அங்கதான் இருக்கேன்."

தெலியா உதட்டைக் கடித்துக்கொண்டு பேனாவை நீட்டினாள். அவன் கையெழுத்துப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்தது. சட்டைக் கையால் ஒற்றி எடுத்தாள். ஓட்டு அட்டைகளை எண்ணி அவன் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது அவன் விரலைத் தொட்டாள். அதற்கு ரூல் எதுவும் இல்லை போலிருக்கிறது; அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை.

"அடுத்தவர்" என்றாள் தெலியா.

ரோமன் தடுப்புக்குள் போனான். துளை போடும் ஊசியின் சத்தம் கேட்டது. டக். டக். பிறகு கேட்கவில்லை. கேட்கவில்லை. பெலிசா சுவரோரமாக நின்றாள். அங்கிருந்து அவன் செருப்புகள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை.

பிறகு ஒரே ஒரு டக்.

அவன் வெளியே வந்து அட்டைகளைப் பெட்டியில் போட்டான். அவளைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து நடந்தான்.

வாசலில் வரிசை மூலை திரும்பி மைதானம் வரை போயிருந்தது. சரியாக ஆறு மணிக்கு ஒரு போலீஸ்காரர் வந்து கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவருக்கு முன்னால் நின்றவரெல்லாம் போடலாம். பின்னால் ஓடிவந்தவர்கள் இல்லை. கடைசி ஆள் மெதைரோஸ். பெலிசா கடந்து போனபோது அவன் தொப்பியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டான்.

போலீஸ்காரருக்குப் பின்னால் பதினாலு பேர் நின்று தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். பெலிசா அவர்களையும் எண்ணினாள். எண்ணாமல் இருக்க அவளால் முடியவில்லை.

பிக்கப்பில் ரோமன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். நாளைக்குப் புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு மெஷின். ஓட்டு எண்ணிக்கையும் காலையில்தான் தெரியும்.

"எதைக் குத்தினேன்னு கேக்க மாட்டியா?" என்றான், கண்ணைத் திறக்காமல்.

பெலிசா சாவியைப் போட்டாள்.

"மாட்டேன்."

"ஏன்?"

"உள்ள இன்னும் ஆளுங்க போட்டுட்டிருக்காங்க" என்றாள்.